சாமி நகையும் பத்தரின் நுரையீரலும்

1/ ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் நடந்தால், கல் பதித்த வெள்ளி மோதிரம், நாகம், ஓம் டாலர், அகேட் மணிமாலை எல்லாம் கடைகளில் தொங்கும். "இந்தக் கல் போட்டா உடம்புக்கு நல்லதா டாக்டர்?"னு கேட்பாங்க. இதைச் செஞ்சவர் உடம்பு எப்படி இருக்குனு யாரும் கேட்கறதில்ல. இந்த இழை அதைப் பத்தித்தான்.

2/ நாகர்கோவில் வடசேரி தெரியுமா? பரதநாட்டியக் கலைஞர்கள் தலையில் வைக்கும் சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம் எல்லாவற்றுக்கும் பேர்போன ஊர். வெள்ளித் தகட்டில் சிவப்புக் கெம்புக் கல் பதித்து, தங்க முலாம் பூசுவாங்க. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு.

3/ அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சூனி பழங்குடியினரும் இதே மாதிரிதான். வெள்ளியில் டர்க்காய்ஸ், பவழம், சிப்பி பதித்து சூரிய முகம், கத்திச் சிறகு கொண்ட தெய்வம் செய்வாங்க. நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் சூரியன் நகையில் உட்கார்ந்திருக்கார்!

4/ இனி மருத்துவம். கல்லை அறுத்து, அரைச்சு, பாலிஷ் போடும்போது தூசி பறக்கும். அகேட் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்த் தழும்பாகிடும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

5/ குஜராத்தின் கம்பாத், அகேட் மணிக்குப் பேர்போன ஊர். வீட்டிலேயே அரைப்பதால், கல்லைத் தொடாத குடும்பத்தாருக்கும் சிலிகோசிஸ் வந்திருக்கு.

6/ அடுத்தது பத்தர் 'பொடி வச்சு ஊதுறது'. பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்தா சீக்கிரம் உருகும். பழைய 'கேடிஎம்' நகை ஞாபகம் இருக்கா? அதுதான். வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேணும். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகிடும். அந்தப் புகையைத்தான் ஊதுபவர் சுவாசிக்கிறார்.

7/ ஆபத்து என்னன்னா, உடனே ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சு தொண்டை வறட்சி, காய்ச்சல், உடம்பு வலி. சாதா ஃப்ளூ மாதிரியே இருக்கும். அப்புறம் மூச்சுத்திணறல், உயிருக்கே ஆபத்து. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா போனா சிறுநீரகம் கெடும்.

8/ பட்டறையில் வேலை செய்யும் சொந்தங்களே:
• கல்லைத் தண்ணி விட்டு அரைங்க.
• வாயில் துண்டு கட்டினா போதாது. தூசிக்கு என்95 மாஸ்க். காட்மியப் புகைக்கு அதை மட்டும் நம்பாதீங்க.
• காட்மியம் இல்லாத பொடி கேட்டு வாங்குங்க. புகை வெளியே போக வழி வையுங்க.
• அரைக்கும் இடத்தில் குழந்தைகள் வேண்டாம்.

9/ எல்லாத்துக்கும் மேல, இருமல்னு டாக்டர்கிட்ட போனா முதல்ல உங்க தொழிலைச் சொல்லுங்க. அவர் கேட்கலைன்னாலும் சொல்லுங்க. ஆஸ்துமா, காசநோய்னு மட்டும் பார்த்து அனுப்பிட்டா நோய் உள்ளேயே வளரும்.

10/ வாங்குறவங்க பேரம் பேசும்போது ஒண்ணை நினைச்சுக்கோங்க. நீங்க குறைக்கும் ஐம்பது ரூபாயில்தான் அவர் மாஸ்க் வாங்கணும். தெரிஞ்ச பத்தர் யாராவது இருந்தா இதை அவருக்கு அனுப்புங்க.