ஒரு சாண் இடைவெளி

போன மாதம் பேரன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். “பாட்டா, ப்ராசசரைக் கொஞ்சம் ஓவர்க்ளாக் பண்ணப் போறேன். வாட்டர் கூலர் ஒண்ணு வாங்கணும். ஒன்பதாயிரம் ஆவும்” என்றான். அவனிடம் இருப்பது ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட். “பைய சொல்லு மக்கா, அவ்வளவு எதுக்கு?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கோட்டாற்றுக் கடையும் அந்தப் பங்குனி மாதமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

நாகர்கோவில் கோட்டாற்றில் அப்போது ஒற்றை அறையில் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். 1999 ஆடியில் இன்டெல் செலரான் 300ஏ வாங்கினேன். ஊரெல்லாம் பேசப்பட்ட சிப் அது. பஸ்ஸின் வேகத்தைப் பெருக்கும் எண் அதில் 4.5 என்று பூட்டப்பட்டிருக்கும். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 ஓடும். மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் அதே சிப் 450 ஓடும். பென்டியம் 2-இல் 450 வேகத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையை நினைத்தால், எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு அது பெரிய கொடை. எனக்கும் 450 ஓடியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் சாரலும் இருந்த நாட்களில் ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் உறுதியாக ஓடட்டும் என்று வோல்டேஜையும் 2.0-இலிருந்து 2.2-க்கு ஏற்றி வைத்தேன். கூலர் மட்டும் பெட்டியோடு வந்த அதே சின்ன ஃபேன்.

அங்கேதான் தவறு. சிப்பின் சூடு வேகத்தோடு ஏறும். வோல்டேஜைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் ஒன்றரை மடங்கு, வோல்டேஜால் 1.21 மடங்கு, சேர்த்தால் 1.8 மடங்குச் சூடு. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை.

பங்குனி பிறந்ததும் மிஷின் நிற்கத் தொடங்கியது. முகூர்த்த சீசன். ஒரு கல்யாணப் பத்திரிகை முடியும் நேரம், பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கிறார், திரை அப்படியே உறைந்துவிட்டது. சேவ் செய்யவில்லை. எனக்கு வந்த வெப்ராளத்தில், டைப் அடித்துக்கொண்டிருந்த பூதப்பாண்டிப் பக்கத்துப் பையனைப் பிடித்துக் கத்தினேன். “என்னத்தலே அமுக்கினே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்து விரலை அலுமினியச் சிறகில் வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். சிறகுகளுக்கு நடுவே பஞ்சுபோல் தூசி. பெட்டி சுவரோடு ஒட்டி நின்றது; தூசி படக்கூடாதென்று மேலே நான் துணி வேறு போட்டிருந்தேன். அவர் பிரஷால் தூசியைத் தட்டினார், வோல்டேஜைப் பழைய இடத்துக்கே இறக்கினார், கொஞ்சம் பெரிய ஃபேன் ஒன்று மாட்டினார். மேசையை ஒரு சாண் முன்னால் இழுத்தார். “சூடு வெளிய போக வழி விடணும்லா சார்” என்றார். ஃபேன் காசை மட்டும் வாங்கிக்கொண்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேகம் அதே 450தான். அதன்பின் அது நிற்கவே இல்லை. பையனிடம் அன்று மாலையே, “பிழை என்னுது மக்கா” என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அவன் முகம் வாடிய அந்த நிமிஷம் என் மனசிலிருந்து போகவில்லை.

பேரனுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் கூலர் பேச்சுக்கு வந்தேன். தண்ணீர் ஓடினாலும் சூட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்வது அறைக் காற்றுதான். காற்றுக் கூலரோ வாட்டர் கூலரோ, அறையின் சூட்டுக்குக் கீழே சிப்பை இறக்காது. அவனுடைய சிப்பைக் கொஞ்சம் முடுக்கினால் நூறு வாட் சுமாருக்குப் போகும். அதற்கு நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள கோபுரக் கூலர் தாராளம். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, டீப்கூல் ஏஜி400 போன்ற வகை. ஹீட் பைப் என்கிற அந்தச் செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் நீர் இருக்கும். சிப்பின் பக்கம் ஆவியாகி, சிறகின் பக்கம் குளிர்ந்து, மறுபடி சிப்பின் பக்கமே திரும்பும். கஞ்சிப்பானை மூடியில் ஆவி பட்டுச் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பம்பு கிடையாது. கெட்டுப்போனால் ஃபேன் ஒன்றை மாற்றினால் போதும்.

வாங்கும் முன் ஸ்கேலை எடுத்து, மதர்போர்டிலிருந்து பக்கக் கதவு வரை அளக்கச் சொன்னேன். ஏஜி400-க்கு 150 மில்லிமீட்டர் உயரம் வேண்டும்; 212 அதைவிட உயரம். ராம் மேல் இடிக்குமா, அவன் சிப்பின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான மாட்டும் சட்டம் கூட வருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வைக்கிற பேஸ்ட் ஒரு பயறு அளவுக்கு மேல் வேண்டாம். முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் நினைவில் வைக்க வேண்டும். சிறகுகளை அடிக்கடி துடைக்கிற வேலை அவர்களுக்குக் கூடுதல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். அன்று எனக்குக் கிடைத்தது ஐம்பது சதவீத வேகம். இன்றைய சிப்பில் அதைத் தயாரித்தவர்களே பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது சொற்பம். அதற்கு ஒன்பதாயிரம் அதிகம்.

அவன் கேட்டுக்கொண்டான். இரண்டாயிரம் சொச்சத்தில் கோபுரக் கூலர் வந்தது. மிச்சப் பணத்தில் ராம் வாங்கினான். முழுச் சுமையில் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். அந்தச் சிப்புக்கு எல்லை 90 டிகிரி. எங்கள் அறையில் 76-இல் நின்றது. உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் சூடாகி நிற்கிறதென்றால், கடைக்குப் போகும் முன் தூசியைத் தட்டுங்கள், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதில் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.