பட்டப்பகலில் எரிந்த விளக்கு

மும்பையில் இருந்துகொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போகாத எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் யாரும் இருக்க முடியாது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். போன வருஷம் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அங்கே வாங்கி வந்த சாமான்களில் ஒன்று எல்.டி.ஆர். தமிழில் ஒளிசார் மின்தடை என்பார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. முகத்தில் செம்மண் நிறத்தில் புழு நெளிவது போல ஒரு கோடு. இரண்டு கால்.

வேலை ரொம்ப எளிது. அந்த நெளிகோடு காட்மியம் சல்பைடு. இருட்டில் அதனுள்ளே எலக்ட்ரான்கள் இடத்தைவிட்டு அசையாமல் கிடக்கும், மின்சாரம் போக வழியில்லை. வெளிச்சம் விழுந்தால் விடுபட்டு ஓடத் தொடங்கும், தடை சரசரவென்று இறங்கும். வெளிச்சம் பத்து மடங்கானால் தடை சுமார் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ ஆகும். இன்னொரு விஷயம், அதற்கு அதிகம் பிடித்தது பச்சை ஒளி, கிட்டத்தட்ட நம் கண்ணைப் போலவே. ஆனால் கொஞ்சம் சோம்பேறி. வெளிச்சத்துக்குச் சட்டென்று இறங்கும், இருட்டினால் மெதுவாகத்தான் ஏறும். அதனால்தான் இருட்டில் வைத்துப் பத்து விநாடி கழித்து அளக்கச் சொல்வார்கள்.

இந்தக் குணத்தை முதலில் உலகத்துக்குச் சொன்னவர் வில்லபி ஸ்மித், 1873-ல். கடலடித் தந்திக் கேபிளைச் சோதிக்க அதிகத் தடையுள்ள பொருள் வேண்டுமென்று செலினியம் கம்பிகளைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அளவு நிலையாக நிற்கவில்லை. பெட்டி மூடியிருந்தால் ஒன்று, திறந்தால் வேறொன்று! அவர் வேலை பார்த்த கம்பெனி செய்த கேபிள்தான் 1870-ல் நம்ம பம்பாயை ஏடனோடு இணைத்தது. இதை மகளிடம் சொன்னேன். "அப்பா, பிரிசெட்டைத் திருகலாமா?" என்றாள் :-)

செம்பூர் வீட்டில் மல்டிமீட்டரை வைத்து இருவரும் அளந்தோம். பால்கனியில் மத்தியான நிழலில் 200 ஓம். ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டரை கிலோ ஓம். பீரோவுக்குள் வைத்துக் கதவை மூடினால் மெகா ஓமைத் தாண்டிப் போய்விட்டது. 15 கிலோ ஓமைத் தாண்டினால் விளக்கு எரியும்படி பிரிசெட்டை வைத்தாள். வெளிச்சக் கணக்கில் அது சுமார் 10 லக்ஸ். பால்கனியில் ஆறரை, ஏழு மணிவாக்கில் தானாக எரிந்தது. கண்காட்சி முடிந்தது. அதன்பிறகு பொருளை என்ன செய்வது?

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் என் அத்தை வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாமா வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இட்லி வியாபாரம். கீழே கிரைண்டரும் அடுப்பும், மேலே படுக்கை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அத்தை விடிகாலை இரண்டரைக்கு எழுந்து அந்த ஏணியில் இறங்குவாள். வயசு அறுபத்தாறு, ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. சுவிட்ச் கீழே இருக்கிறது. அதாவது இறங்கி முடித்த பிறகுதான் விளக்கு! போன மழைக்காலத்தில் இரண்டு படி சறுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மகளின் விளக்குக்கு இதைவிட நல்ல இடம் எது?

ஞாயிற்றுக்கிழமை போய் 3 வாட் எல்.இ.டி.யோடு ஏணியடியில் பொருத்தினோம். விளக்கின் வெளிச்சம் எல்.டி.ஆர். மேலேயே விழுந்தால் 'விடிந்துவிட்டது' என்று நினைத்து அணையும், அணைந்ததும் மறுபடி எரியும், இப்படியே கண்ணடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஒரு ஸ்ட்ராத் துண்டுக்குக் கறுப்பு டேப் சுற்றி உள்ளே எல்.டி.ஆரைச் செருகி, வாசல் பக்கம் பார்க்க வைத்தோம்.

காலை பதினொன்று. ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"ஏ ராசா, பட்டப்பகல்ல எரியுதே, இதுக்குப் பகலு ராத்திரி தெரியாதோ?" என்றாள் அத்தை.

சர்க்யூட்டில் ஒரு கோளாறும் இல்லை. மீட்டரை வைத்தேன்: 28 கிலோ ஓம். சுமார் ஐந்து லக்ஸ். மகள் மீட்டரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். சந்தின் இரண்டு பக்கமும் மாடி வீடுகள், மேலே நீலத் தார்ப்பாய். "ஆச்சி, உங்க வீட்ல இப்ப ராத்திரி" என்றாள்.

சிறுவயது முதல் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன், இருட்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உள்ளே போய் இரண்டு நிமிஷம் நின்றால் கண் பழகிவிடும், பாப்பா விரியும், எல்லாம் தெரிவது போல இருக்கும். எல்.டி.ஆருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. எங்கள் பால்கனி 200, அத்தையின் ஏணியடி 28,000. வெளிச்சமாகக் கணக்குப் போட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆட்டோவில் அரைமணி நேரம் கூட ஆகாது. அந்த வெளிச்சத்தில்தான் அத்தை இத்தனை வருஷமாக உளுந்தில் கல் பொறுக்குகிறாள்.

மாமாவுக்குக் கரண்ட் பில் கவலை. "சென்சாரைக் கூரை மேல வைங்க மாப்ளே, பகல்ல அணைஞ்சிரும்" என்றார். விஞ்ஞானப்படி சரிதான். அத்தை விடவில்லை. "வெளிச்சம் ஏணிக்கு வேணுமா, வானத்துக்கு வேணுமா?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். 3 வாட் இரவு பகலாக எரிந்தாலும் மாசத்துக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல்தான். மாமா சமாதானமானார். ஆனால் மகள் சமாதானமாகவில்லை. விளக்கு பகலில் அணைந்தே ஆகவேண்டும், அதுவும் பிரிசெட்டைத் தொடாமல்! நல்லவேளை, கூரை அவர்களுடையதே. இரண்டு வாரம் கழித்து ஒரு தகர ஷீட்டைக் கழற்றிவிட்டு ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட் போடச் செய்தோம். ஏணித் திறப்புக்கு நேர் மேலே. எல்.டி.ஆரையும் அந்தப் பக்கமாகத் திருப்பினோம். மத்தியானம் மீட்டர் 3 கிலோ ஓம் காட்டியது.

இப்போது காலை ஒன்பதரைக்கு விளக்கு அணைகிறது, நாலரை வாக்கில் எரிகிறது. ஜூலையில் மேகம் கவிந்து கொட்டும் நாட்களில் மட்டும் நடுப்பகலிலும் எரியும். அன்றைக்கு அத்தை போன் பண்ணி மகளைக் கூப்பிடச் சொல்வாள். "ஒங்க விளக்கு எரியுதுளா, அங்கயும் மழையா?"