நீருக்கு உடையவள் தேவி: பாலித் தீவின் பாத்தூர் ஏரிக் கோயில்

இந்தோனேசிய நாட்டின் பாலித் தீவில் வாழும் மக்களுள் பெரும்பான்மையோர் இந்துக்கள். தங்கள் சமயத்துக்கு அவர்கள் வழங்கும் பழைய பெயர்களுள் ஒன்று 'ஆகம தீர்த்த' என்பதாகும். தீர்த்தத்தை முதலாகக் கொண்ட சமயம் என்பது அதன் பொருள். பிறப்பு முதல் இறப்பு வரை தீர்த்தம் தெளிக்காத சடங்கு அங்கே இல்லை. அத்தீவின் வயல்களுக்குப் பாயும் நீரும் கோயிலிலிருந்து வருவதாகவே கருதப்படுகிறது. அந்தக் கோயில்களுக்கெல்லாம் தலைமையானது பாத்தூர் ஏரியின் தேவி உறையும் 'புரா உலுன் தனு பாத்தூர்' ஆலயம்.

தீவின் வடகிழக்கே, கிந்தாமணி மலைவிளிம்பில் இவ்வாலயம் அமைந்துள்ளது. விளிம்பிலிருந்து கீழே நோக்கினால், எரிமலை வெடித்துக் குழிந்த பெரும் பள்ளத்தில் பிறை வடிவில் பாத்தூர் ஏரி தெரிகிறது. அதனை ஒட்டி, இன்றும் உள்ளே கனல் அவியாத பாத்தூர் மலை எழுந்து நிற்கிறது. ஆலயம் முன்பு ஏரிக்கரையில், மலையடிவாரத்தில் இருந்தது. 1917-ஆம் ஆண்டு எரிமலை சீறியபோது குழம்பு கோயில் வாயில் வரை வந்து நின்றுவிட்டது. தேவியின் காவல் என்று மகிழ்ந்த மக்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. 1926-இல் மலை மீண்டும் சீறியது. இம்முறை ஊரும் கோயிலும் புதையுண்டன. புனிதப் பொருள்களை எடுத்துக்கொண்டு மேலேறிய மக்கள், மலைவிளிம்பில் கோயிலைப் புதிதாக எழுப்பினர். இன்று காணும் ஆலயம் அதுவே.

கருங்கல் வாயில்களைக் கடந்து உள்ளே சென்றால், கறுத்த நார்க்கூரை வேய்ந்த 'மேரு' கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. பதினொரு நிலை கொண்ட மேரு ஏரித் தேவியாகிய தேவி தனுவுக்கு உரியது. 'தனு' என்பதற்கு அத்தீவின் மொழியில் ஏரி என்று பொருள். பாத்தூர் ஏரியிலிருந்து ஆறு எதுவும் புறப்படுவதில்லை. ஏரிநீர் மலையினுள் கசிந்து கீழ்நிலங்களில் ஊற்றுகளாகப் பொங்குகிறது என்பது மக்களின் நம்பிக்கை. ஆகவே நீருக்கு உடையவள் தேவி. மனிதர் அதனைப் பெற்றுப் பயன்படுத்துவோர் மட்டுமே.

சுபாக் என்னும் நீர்ச்சபை

இந்த நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான் 'சுபாக்' என்னும் உழவர் சபை. ஒரே நீர்மூலத்திலிருந்து நீர் பெறும் நிலங்களுக்கு உரியவர்கள் சேர்ந்தது ஒரு சுபாக். ஒன்றில் 50 முதல் 400 பேர் வரை இருப்பர். தீவில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன. இம்முறை ஒன்பதாம் நூற்றாண்டு முதல் தொடர்ந்து வருவதாகும்.

சபையின் தலைவரை உறுப்பினரே தேர்ந்தெடுக்கின்றனர். அவருக்குப் 'பெகாசே' என்று பெயர். விதிகள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. வாய்க்கால் பணிக்கு வராதவரும், மடையை இரகசியமாகத் திறந்தவரும் அபராதம் கட்டவேண்டும். நிலம் மிகுதியாக உள்ளவருக்கும் குறைவாக உள்ளவருக்கும் சபையில் ஒரே குரல்தான். பாலியில் குலத்துக்கு ஏற்ப மாறுபடும் பேச்சுவழக்குகள் உண்டு. எனினும் சுபாக் கூட்டத்தில் எவரும் எவரையும் உயர்ந்த மரியாதைச் சொற்களாலேயே விளிக்க வேண்டும் என்பது மரபு. வாய்க்கால் பிரியும் இடங்களில் காடிகள் வெட்டிய மரக்கட்டை குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு காடியின் அகலமும் அவ்வழியே செல்லும் நீரின் பங்கைக் காட்டும். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து, பங்கு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம்.

அணைக்கட்டு ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு கோயில். வயல்தொகுதியின் தலைப்பில் ஒரு கோயில். பல சுபாக்குகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய கோயில். இந்தப் பொதுக்கோயிலில்தான் பெகாசேக்கள் கூடி, இவ்வாண்டு எந்தச் சுபாக் முதலில் நடவு செய்வது, எது பின்னர் செய்வது, எப்போது எல்லோரும் நிலத்தை ஆறப் போடுவது என்று முடிவு செய்கின்றனர். அங்கும் தீராத வழக்குகளும், புதிய வாய்க்கால் வெட்ட அனுமதி கோரும் விண்ணப்பங்களும் பாத்தூர் ஆலயத்துக்கு வருகின்றன. அவ்வாலயத்தின் தலைமைப் பூசகர் 'ஜேரோ கடே' எனப்படுகிறார். முன்னவர் மறைந்தபின், அருள்வாக்கின் வழியே இளம் வயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் தேவியின் பணியில் இருப்பவர் அவர். அவரிடம் காவலரும் இல்லை, சிறையும் இல்லை. இருந்தும் அவர் சொல் செல்லுபடியாகிறது.

தலைமடையும் கடைமடையும்

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆற்றின் தலைமடையில் இருப்பவர் நினைத்தால் நீர் முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, கடைமடையில் இருப்பவருக்காக அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? தெய்வ பயம் ஒரு காரணம். மற்றொரு காரணம் வயலிலேயே இருக்கிறது.

எல்லோரும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் நிலத்தை நீரில் ஆறப் போட்டால், புகையானுக்கும் தத்துப்பூச்சிக்கும் எலிக்கும் உண்ண எதுவும் இராது; அவை அழிந்துபோகும். கீழே உள்ளவருக்கு உரிய காலத்தில் நீர் கிடைக்காவிட்டால் அவர் பிந்தி நடுவார்; அவர் வயலில் வளரும் பூச்சி மேலேறி வந்து தலைமடைப் பயிரையும் தின்னும். ஆகவே கடைமடைக்காரர் நீருக்காகத் தலைமடைக்காரரை எதிர்பார்க்கிறார். தலைமடைக்காரர் பூச்சியிலிருந்து பிழைக்கக் கடைமடைக்காரரை எதிர்பார்க்கிறார். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் நீர் வேண்டும். அதற்கு ஆற்றில் நீர் போதாது. எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நடுவது, எத்தனை பின்தங்குவது என்று இவ்விரண்டுக்கும் நடுவே அளவு காண்பதுதான் கோயில் கூட்டத்தின் பணி.

முறை தவறியபோது

இந்த நுட்பம் 1970-களில் வெளிப்பட்டது. அரிசி உற்பத்தியைப் பெருக்க விரும்பிய இந்தோனேசிய அரசு, விரைவில் விளையும் புதிய நெல் வகைகளைக் கொடுத்து, கோயில் நாட்காட்டியைப் பாராமல் இயன்றபோதெல்லாம் நடுமாறு உழவரை ஊக்கியது. முதலில் விளைச்சல் கூடியது. சில ஆண்டுகளில் நீர்ப்பங்கீடு குழம்பியது. புகையானும் துங்ரோ நோயும் வயல்களைச் சூறையாடின. பூச்சிமருந்து அடித்தும் அடங்கவில்லை. 1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் பெரும் பாசனத் திட்டம் ஒன்றும் தொடங்கியது. கோயில்களின் பங்கைத் திட்டமிட்டோர் பொருட்படுத்தவில்லை.

அக்காலத்தில் பாலியில் ஆய்வு செய்துவந்த ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் என்னும் சூழலியல் அறிஞருடன் சேர்ந்து, ஊஸ், பெதானு ஆறுகளின் 172 சுபாக்குகளையும் கணினியில் அமைத்துப் பார்த்தார். தனித்தனியே நட்டால் என்ன விளையும், அனைவரும் ஒன்றாக நட்டால் என்ன விளையும், கோயில்கள் வகுத்தபடி நட்டால் என்ன விளையும் என்று ஒப்பிட்டார். கோயில் முறையே சிறந்த விளைச்சல் தந்தது. நிதியளித்த வங்கியின் பிற்கால மதிப்பீடும் கோயில்களின் பயனை ஏற்றுக்கொண்டது. அதற்குள் உழவர்கள் தாமாகவே பழைய முறைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தனர்.

2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாத்தூர் ஆலயமும் ஏரியும் அதில் அடங்கும். எனினும் பெருமை வயலைக் காப்பதில்லை. விடுதிகளும் மாளிகைகளும் எழுந்து, வயல்கள் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. இளைஞர் உணவகப் பணிக்குச் செல்கின்றனர். வாய்க்காலின் நடுவே ஒரு வயல் விற்கப்பட்டால், அதற்குக் கீழுள்ள வயல்களுக்கு நீர் செல்வது சிக்கலாகிறது. நிலத்தை விற்றவர் சபையை விட்டு நீங்கலாம். எஞ்சியவர்கள் குறைந்த கைகளால் அதே வாய்க்காலைப் பேண வேண்டியுள்ளது.

இருப்பினும், பத்தாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி மார்ச் அல்லது ஏப்ரலில் பாத்தூரில் நிகழும் பெருவிழாவுக்குச் சுபாக்குகள் இன்றும் திரண்டு வருகின்றன. வெண்ணிறத் தலைப்பாகை கட்டிய உழவர்கள் அரிசியும் தேங்காயும் பழமும் காணிக்கையாகச் சுமந்து வருவர். திரும்பும்போது தேவியின் தீர்த்தத்தைப் பெற்றுச் சென்று, தத்தம் கோயில்களில் சேர்ப்பர். தலைமடைக்கும் கடைமடைக்கும் தீர்த்தம் ஒன்றே.

செல்லும் அன்பர்களுக்கு

தென்பசார் விமான நிலையத்திலிருந்து கிந்தாமணிக்குச் சாலைவழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். இடைவழியில் தம்பாக்சிரிங் ஊரில் 'தீர்த்த எம்புல்' ஊற்றுக்கோயிலில் நீராடலாம். மலைமேல் குளிர் மிகுதி. முதியோர் கம்பளி எடுத்துச் செல்வது நலம். ஆலயத்தினுள் இடுப்பில் வேட்டி போன்ற துணியும் கச்சையும் கட்டியே செல்லவேண்டும். பெயர் ஒற்றுமையால் பிராத்தான் ஏரியில் மிதப்பது போல் தோன்றும் கோயிலோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஓட்டுநரிடம் 'பாத்தூர்' என்று தெளிவாகக் கூறவேண்டும். கீழிறங்கும்போது, வழியிலுள்ள வயலோரத்தில் ஏதேனும் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, காடி வெட்டிய அந்த மரக்கட்டையையும் காணலாம். தேவியின் நீர் பங்கிடப்படுவது அங்கேதான்.