அந்தப் பதினைந்து குதிரைத்திறன்

டியூனர் முதலில் கேட்டதே பெட்ரோலைப் பற்றித்தான். "ரெகுலரா என்ன போடுவீங்க சார்?" என்றார். "தொண்ணூத்தேழு ஆக்டேன்" என்றேன். அது பொய்.

விழுப்புரத்தில் கார் வைத்திருக்கும் பலரைப் போல நானும் டேங்க் நிரப்பியது மதகடிப்பட்டில். பாண்டிச்சேரி எல்லைக்குள் நுழைந்துவிட்டால் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அங்கே நான் போட்டதெல்லாம் சாதாரண பெட்ரோல், 91 ஆக்டேன். 97 வேண்டுமென்றால் சென்னைக்குப் போகும்போது பங்க் தேடிப் போட வேண்டும், விலையும் அதிகம். இதெல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். விவரம் தெரியாத ஆளாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மாடல். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 9.7 வினாடி என்று கம்பெனியே சொன்னது. நம் ஊர்ச் சாலைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், டர்போ விழித்துக்கொண்டு முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். அந்த இன்பத்தை நான் இப்போதும் மறுக்க மாட்டேன். வண்டியிடம் ஒரு குறையும் இல்லை.

டர்போ எஞ்சினில் சக்தியைக் கூட்டுவது எளிது. டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும், எவ்வளவு பெட்ரோலைத் தெளிக்க வேண்டும், பிளக் எந்தக் கணத்தில் பொறி விட வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்ற எஞ்சின் கணினிக்குள் இருக்கும் அட்டவணைகள்தாம் தீர்மானிக்கின்றன. மேப் என்பது இவற்றைத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகி அவற்றை மாற்றி எழுதிவிடலாம். ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஸ்டேஜ் 1 என்பது இதுதான். டவுன்பைப், இன்டர்கூலர் என்று பாகங்களையும் மாற்றினால் ஸ்டேஜ் 2. நான் அதுவரை போகவில்லை.

அந்த டியூனர் நேர்மையானவர். என் முன்னால் இரண்டு மேப்புகளை வைத்தார். "91-க்கு எழுதினா 125 பக்கம் வரும் சார். 97-க்கு எழுதினா 140-ஐத் தொடும். உங்க ஊரு வெயிலுக்கு 91 மேப்பே நல்லது. டிஎஸ்ஜியும் 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் தாங்குற கியர்பாக்ஸ். அதை ஒட்டிப் போக வேணாம்" என்றார். நான் 140-ஐக் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் பைபாஸ் ஓட்டல் ஒன்றில் கார் பைத்தியங்கள் சிலர் கூடுவோம். காபி வருவதற்குள் எல்லோருடைய எண்ணும் மேஜைக்கு வந்துவிடும். ஒருவர் 130 என்பார், இன்னொருவர் ஆக்டேவியாவை வைத்துக்கொண்டு அலட்டாமல் 200-க்கு மேல் சொல்வார். அங்கே 125 என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 125-க்கும் 140-க்கும் உள்ள அந்தப் பதினைந்தைச் சாலையில் நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. அது எனக்குப் பயன்பட்டதெல்லாம் அந்த மேஜையில்தான்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பொறுமை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் மூட்டிய தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. டர்போ அதிகக் காற்றைத் திணிக்கத் திணிக்க இந்தப் பொறுமை கூடுதலாகத் தேவைப்படும். 97-ஐ நம்பி எழுதிய மேப்பில் 91-ஐ ஊற்றினால், பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். எஞ்சினில் இருக்கும் நாக் சென்சார் அதைக் கேட்டு, பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். அப்போது சக்தியும் குறைந்துவிடும். அதாவது நான் சொல்லிக்கொண்டு திரிந்த 140, மதகடிப்பட்டுப் பெட்ரோலில் 140-ஆக இருந்திருக்கவே முடியாது.

மேப் ஏற்றிய பிறகு டியூனர் லாக் கேட்டார். மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு என்று பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேப்பைச் சரிசெய்வார்கள். நான் சென்னைக்குப் போய் 97 ஆக்டேன் நிரப்பிக்கொண்டு, குளிர்ந்த மார்கழி விடியற்காலையில், வண்டியில் தனி ஆளாக, கூட்டேரிப்பட்டுக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் அந்த லாக்கை எடுத்தேன். சுத்தமாக வந்தது. "சூப்பர் சார்" என்று பதில் போட்டார். என்னைக் காப்பாற்ற ஒரு வழி வைத்திருந்த மனிதரையும் அன்று குருடாக்கிவிட்டேன். அடுத்த டேங்க் வழக்கம்போல் 91.

கோடை வந்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஏசி முழுதாக ஓட, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இடம் கிடைத்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்துவேன். டிஎஸ்ஜி மைலேஜுக்காக மேல் கியரையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆர்பிஎம் குறைவு, சுமை அதிகம், காற்று சூடு. சிறிய டர்போ எஞ்சினுக்கு இதைவிடக் கெட்ட வேளை கிடையாது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்கும். பாட்டின் ஒலியைக் கூட்டிவைத்தேன். "என்னங்க சத்தம்?" என்று மனைவி கேட்டபோது, "ரோடு சரியில்ல" என்றேன்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் படிவத்தில் மாற்றம் ஏதும் செய்யவில்லை என்று குறித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தம் அதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. ஒரு விபத்து நடந்து, அந்த ஈசியூவை யாராவது படித்திருந்தால், அடிபட்டவர்களின் குடும்பத்துக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்? ஊர்க்காரர்கள் நடந்து கடக்கிற, எதிர்த்திசையில் பைக் வருகிற சாலையில்தான் நான் ஓட்டினேன். அதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

கோயம்புத்தூர் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டுவந்த டியாகோ ஜேடிபியை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பந்தயக் கார்களைக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். 1.2 லிட்டர் டர்போவில் 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். அதே காலத்து நெக்ஸானில் அதே அளவு டர்போ எஞ்சின் 110, 170 கொடுத்தது. ஸ்போர்ட்ஸ் பேட்ஜ் போட்ட வண்டிக்கு நான்கு குதிரைத்திறன் கூட, டார்க்கோ குறைவு! அன்று இதைக் கேட்டு அந்த ஓட்டல் மேஜையில் ஏளனம் பேசியவர்களில் நானும் ஒருவன். ஜெயெம்காரர்களின் உழைப்பு கியர் விகிதத்திலும் சஸ்பென்ஷனிலும் டயரிலும் போயிருந்தது. வண்டி எப்படி ஓட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கு எவ்வளவு சக்தி போதும் என்று பிறகு எழுதியிருக்கிறார்கள். நான் எண்ணை முதலில் எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு இரையாக்கினேன்.

ஒருநாள் என் போலோவில் எஞ்சின் லைட் எரிந்தது. வண்டி குலுங்கியது. விழுப்புரத்தில் எனக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பீங்கான் மேல் பொடிப்பொடியாக மினுமினுத்தது. "தெரியுதா தம்பி? அலுமினியம். பிஸ்டன்லேர்ந்து உதிருது. கம்ப்ரஷன் பாத்துடுவோம்" என்றார். "இப்ப வேணாண்ணே, பிளக்கை மட்டும் மாத்துங்க" என்றேன். பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. முடிவு தெரிந்துவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாமல் போய்விடுமே, அதற்குத்தான் பயந்தேன். மறுவாரமே பழைய கம்பெனி மேப்பை ஏற்றிக்கொண்டு வண்டியை விலைக்குப் போட்டேன்.

வாங்க வந்தவர் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் இளைஞர். கல்யாண சீசனில் சேர்த்த பணம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, ரீமேப் கீமேப் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" என்று நேராகவே கேட்டார். "எல்லாம் கம்பெனி கண்டிஷன்தான் தம்பி" என்றேன். அந்தக் கணத்தில் ஈசியூவில் இருந்தது கம்பெனி மேப்தான். அதனால் இது பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டியூனரிடம் சொன்னது என் எஞ்சினைக் கெடுத்த பொய். இது அடுத்தவர் காசைத் தின்ற பொய்.

சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். "ஆயில் கொஞ்சம் குறையுதுண்ணா. இந்த வண்டிக்கு இது சகஜமா?" சகஜம் என்றேன். அன்று இரவு தூங்க முடியவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், தூங்கினேன். காலையில் அவர் "தேங்க்ஸ்ணா, நீங்க சொன்னதும்தான் நிம்மதி" என்று அனுப்பியிருந்த செய்தியைப் படித்தபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உடனே கூப்பிட்டு, பெட்ரோல், மேப், லாக், பிளக்கில் மினுங்கிய பொடி என எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா ரேட்டைக் குறைச்சுக் கேட்டிருப்பேன். வாங்காம போயிருக்க மாட்டேண்ணா" என்றார்.

திண்டிவனத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் கம்ப்ரஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டர்கள் கிட்டத்தட்டச் சமம், இரண்டாவது மட்டும் வெகுவாகக் குறைவு. எஞ்சினைத் திறந்தால், அந்தப் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரம் உடைந்திருந்தது. செலவு முழுக்க என்னுடையது. வண்டியையே திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார்.

எஞ்சின் மேஜைமேல் பிரித்துக் கிடந்தபோது அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "கட்டின பிறகு ஸ்டேஜ் ஒன்னு போடலாமாண்ணா?" போடாமல் இருப்பதே நல்லது, சட்டத்தையும் இன்ஷூரன்ஸையும் நினைத்துக்கொள் என்றேன். போட்டே தீருவது என்றால் 91-க்கு எழுதிய மேப்பைக் கேள், குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்கை அடக்கி எழுதச் சொல், எந்த எண் வந்தாலும் அதை வாங்கிக்கொள் என்றேன். லாக் எடுப்பதாக இருந்தால் சித்திரை மதியத்தில், நாலு பேர் உட்கார்ந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு, தினமும் ஊற்றுகிற பெட்ரோலில் எடு என்றேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். புது பிஸ்டன் ஓடிப் பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.