என்ஜின் எண்ணெயும் ஓர் அமானிதமே!

 

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். கிழிந்த ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்குத் துணை நின்றார்கள். இதை நமக்கு அறிவித்தவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். தம் கையால் உழைத்து உண்ட நபி தாவூத் (அலை) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியதையும் நாம் அறிவோம். சொந்தக் கையால் செய்யும் வேலை இழிவன்று என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் கார் இருக்கிறது. அதைக் கழுவித் துடைக்கத் தயங்காத நாம், அதன் என்ஜின் ஆயிலை மாற்றுவது மட்டும் மெக்கானிக்கின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஏற்காட்டில் குடியிருக்கும் நான் பல ஆண்டுகளாக எங்கள் மாருதி 800 காருக்கு வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றி வருகிறேன். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறிய கார், அல்ஹம்துலில்லாஹ், இன்றும் மலையேறுகிறது.

மலைவாசிக்கு இந்த அறிவு ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,200 மீட்டருக்கு மேல் வண்டி ஏறவேண்டும். முழுச் சுமையுடன் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது என்ஜின் வேகமாகச் சுழல்கிறது. வண்டியோ மெல்ல நகர்கிறது. எதிர்க்காற்றின் குளிர்ச்சியும் குறைவு. அந்த வெப்பம் முழுவதையும் தாங்குவதில் எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு. உராய்வைத் தடுப்பது மட்டும் அதன் பணியன்று. வெப்பத்தைக் கடத்துகிறது, கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கசிவை அடைக்கிறது.

மலைமேல் குளிர்காலத்தில் கடைவீதிக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டும் ஓட்டினாலும் எண்ணெய்க்குத் தீங்குதான். என்ஜின் நன்கு சூடேறுமுன்பே நிறுத்திவிடுவதால், ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. ஆகவே சமவெளிக்கு எழுதிய கிலோமீட்டர் கணக்கை மலையில் அப்படியே நம்பலாகாது. கடினமான ஓட்டத்திற்குக் குறுகிய இடைவெளியைக் கையேடே சொல்லியிருக்கும். குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றிவிடுதல் நன்று. வளைவில் திரும்பும்போது ஆயில் விளக்கு ஒருகணம் மின்னி மறைந்தால் அலட்சியம் வேண்டாம். எண்ணெய் குறைந்து, ஒருபுறம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

உயிர் முதலில்

சேர்வராயன் மலையில் சமதளம் கிடைப்பதே அரிது. சரிவில் நிற்கும் வண்டியில் எண்ணெய் முழுதும் வடியாது. அளவுக் குச்சியும் சரியான கணக்கைச் சொல்லாது. அதைவிடப் பெரிய ஆபத்து, வண்டி உருள்வது. ஆகவே சமமான, கெட்டியான தரையைத் தேடி நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஜாக்கி, வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. தாங்குவதற்கென்றே உள்ள உறுதியான இரும்புத் தாங்கிகள் அல்லது சாய்தளம் இருந்தால் மட்டுமே அடியில் செல்லலாம். இல்லையேல் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம் காருக்கும் பொருந்தும். சிறு குழந்தைகள் வாசலில் விளையாடினால் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இனி வேலை எளிது. என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி அழுக்கோடு வடியும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும். மேல் மூடியைத் திறந்து, அடியில் அகன்ற தட்டை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கால் மணி நேரம் பொறுத்திருந்து, புதிய வாஷருடன் போல்ட்டைத் திரும்பப் பூட்டுங்கள். வலிமையைக் காட்டி இறுக்கினால் மரை கெடும்.

அடுத்து ஆயில் பில்டர். பழையதைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டி நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையங்கள் சேர்ந்தால், புது எண்ணெய் முழுதும் வழியில் கொட்டிப்போகும். புதிய பில்டரின் வளையத்தில் சிறிது புது எண்ணெய் தடவி, கையால் திருகி, வளையம் படிந்த பிறகு முக்கால் சுற்றளவு இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

கையேடு கூறும் தரத்தில், கூறும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, குச்சியின் இரு குறிகளையும் பாருங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததை உறுதிசெய்து, நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் அளந்து நிரப்புங்கள். மேல் குறியைத் தாண்டலாகாது. மிகுதியான எண்ணெயைச் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கிவிடும்; நுரைக்குக் காக்கும் ஆற்றல் இல்லை. குறைவும் கேடு, மிகுதியும் கேடு, நடுநிலையே நலம் என்பதை இந்த எந்திரமும் நமக்கு உணர்த்துகிறது!

கறுப்பைக் கண்டு பழிக்காதீர்

இங்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தோட்டத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் தம் டீசல் ஜீப்புக்குப் பட்டறையில் ஆயில் மாற்றிவந்தார். மறுநாள் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஒரே கறுப்பு. "பழைய எண்ணெயையே விட்டுவிட்டுப் பணம் வாங்கிவிட்டான்" என்று கொதித்து, அந்த மெக்கானிக்கைப் பலர் முன்னிலையில் கேட்கப் புறப்பட்டார். நான் அவரை நிறுத்தினேன். டீசல் என்ஜினில் தங்கிய கரி, புது எண்ணெயையும் சில நிமிடங்களிலேயே கறுப்பாக்கிவிடும் என்று விளக்கினேன். பெட்ரோல் கார் என்றால் புது எண்ணெய் சில நாட்களேனும் தேன் நிறத்தில் இருக்கும். மறுநாளே கரி நிறமென்றால் விசாரிப்பதில் தவறில்லை. நண்பர் அமைதியடைந்தார். ஏழை உழைப்பாளி ஒருவரின் மானம் தப்பியது. வீண் சந்தேகத்தைத் திருக்குர்ஆன் தடுத்திருக்கிறது. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் அறியாமையில்தான் பிறக்கிறது. வேலையைக் கற்றவர் ஏமாறவும் மாட்டார். பிறர்மீது பழி சுமத்தவும் மாட்டார்.

பழைய எண்ணெய் எங்கே போகிறது?

நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வி இதுவே. வடித்தெடுத்த மூன்று லிட்டர் கறுத்த எண்ணெயை என்ன செய்வது? வேலிக்கு அப்பால் ஊற்றுவோர் உண்டு. சாக்கடையில் விடுவோரும் உண்டு. ஏற்காட்டின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் சரிவு, நடுவே ஏரி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மேட்டில் கிடப்பதைப் பள்ளத்திற்கு இழுத்துவருகின்றன. ஏரி நிரம்பினால் மிகுநீர் கிளியூர் அருவியாக விழுந்து, கீழுள்ள பள்ளத்தாக்கிற்குச் செல்கிறது. வாசலில் ஊற்றியது வாசலோடு நிற்பதில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறும் கணக்கு ஒன்று உண்டு. ஒரே முறை மாற்றிய எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது! நீர்நிலையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் அசுத்தம் செய்வதைக் கடிந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். பாதையிலுள்ள இடையூறை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், பிறர் பருகும் நீரில் இடையூறைக் கலப்பதை என்னவென்று சொல்வது?

பழைய எண்ணெயைப் புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி, இறுக மூடுங்கள். தண்ணீரோ, மண்ணெண்ணெயோ, பிரேக் ஆயிலோ கலக்காதீர்கள். பில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்துவிடுங்கள். பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையோ சர்வீஸ் நிலையமோ எது என்று முன்கூட்டியே விசாரித்து, அங்கே ஒப்படையுங்கள். சேலத்திற்கு இறங்கும்போது எடுத்துச் செல்வது என் வழக்கம். அடுப்பெரிக்கவோ, மரத்திற்குப் பூசவோ கொடுக்காதீர்கள். அதில் ஈயம் முதலிய உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் இருக்கலாம். முறையாகச் சுத்திகரித்தால் அது மீண்டும் எண்ணெயாகும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் இதுவும் அடங்கும். 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற எண்ணெயின் மறுசுழற்சிக்கு எண்ணெய் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும், நம் வாசலில் வடிந்த எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் நாமாக இல்லாவிட்டால் எந்த விதியால் என்ன பயன்?

இறுதியாக ஒன்று. கையுறை அணிந்தே வேலை செய்யுங்கள். பழைய எண்ணெய் அடிக்கடி தோலில் படுவது கேடு. அப்படியும் கையில் பிசுக்குப் படிந்துவிட்டால், சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சீயக்காயோ சோப்போ இட்டுக் கழுவுங்கள். நகக்கண்ணிலும் கவனம் வேண்டும். நீர் தோலைச் சேரவொட்டாமல் தடுக்கும் படிவு இருந்தால் ஒளு நிறைவேறாது என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பெண்மக்களும் குச்சியை இழுத்து ஆயில் அளவைப் பார்க்கக் கற்கட்டும். நள்ளிரவில் மலைப்பாதையில் உதவுவது அந்த அறிவுதான்.

வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்த இறைவனைப் புகழ்ந்தே நாம் அதில் ஏறுகிறோம். அந்த நன்றி நாவோடு நின்றுவிடாமல், கையிலும் தெரியட்டும். நம் வாகனத்தால் நம் உயிருக்கோ, அடுத்தவர் மானத்திற்கோ, அயலார் குடிநீருக்கோ தீங்கு நேராமல் காத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.