குப்பைக்கு வச்ச தீ

நேத்து நெகிரி செம்பிலான்ல எங்க தோட்டக் கோயில்ல துப்புரவுப் பணி முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கிறப்போ ஒரு வாக்குவாதம். மாசி, பங்குனி வந்தா தோட்டத்துல ஏன் தீ பிடிக்குது? "வெயில், எல் நினோ"ன்னாங்க தம்பிமாருங்க. "ரப்பர் மரம் இலை கொட்டுற காலம், எங்க பாத்தாலும் சருகு"ன்னார் பெரியவர் ஒருத்தர்.

ரெண்டும் உண்மைதான். ஆனா வெயில் சருகைக் காய வைக்கும். பத்த வைக்கிறது பெரும்பாலும் மனுசன் கைதான்.

என் கையும்தான். போன வருசம் திருவிழா முடிஞ்சதும் காஞ்ச தோரணம், மாலை, வாழை மட்டையெல்லாம் கோயிலுக்குப் பின்னால கொளுத்தினது நான். காத்து திரும்பிருச்சு. லாலான் புல்லு பத்தி, ரப்பர் ஓரம் வரைக்கும் போயிருச்சு. பொம்பா வந்துதான் அணைச்சாங்க. யாரு வச்சதுன்னு கேட்டப்போ வாயைத் திறக்கல. நேத்துதான் எல்லார் முன்னாலயும் சொன்னேன்.

1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில எரிக்கிறது குற்றம். வழிபாட்டு நெருப்புக்கு விலக்கு உண்டு. கோயில் குப்பைக்குக் கிடையாது. 1997-ல இந்தோனேசியாவுல காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் வச்ச தீயோட புகைதான் கூச்சிங்ல காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 800-க்கு மேல கொண்டுபோச்சு.

இனி மாலையும் இலையும் உரக்குழிக்குத்தான். கோயிலைச் சுத்திப் பத்தடிக்கு சருகு இல்லாம கூட்டி வைப்போம். புகையைப் பாத்தா 999.

சனிக்கிழமை காலையில குழி வெட்டுறோம். மண்வெட்டியோட வாங்க.