ஆயிரம் ரூபாய் யார் கணக்கில்?

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது, கட்டாமல் நிற்கிற ஓவர்ஸ்பீடு அபராதத்தைப் பற்றி இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்ல வேண்டுமா? திருப்பூரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். "கேட்டாத்தானுங்க சொல்லோணும்" என்று நம் ஊர்ப் பதில் ஒன்று வரும். நான் கணக்கு எழுதுகிற பனியன் கம்பெனியில் இந்தக் கேள்வி மூன்று நாள் ஓடியது. தொகை என்னவோ வெறும் 1,000 ரூபாய்தான்.

எங்களுடையது சின்ன கம்பெனி. கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை ஒரே கூரைக்குக் கீழே நடக்கும். சரக்கு ஏற்ற ஒரு குட்டி யானை, முதலாளியின் சொந்த கார் ஒன்று. முதலாளியை ஆபீஸில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பையர் தரப்பு ஆட்கள் வந்தால் அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் அந்தக் கார்தான்.

கார் வாங்கி மூன்று வருஷம் முடிந்திருந்தது. புதுக் கார் வாங்கும்போதே எதிராளிக்கான இன்சூரன்ஸை, அதாவது தேர்டு பார்ட்டியை, மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்களே, அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில் இருந்து வந்தது அது. விபத்தில் நொறுங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2018 செப்டம்பரில் இருந்து புதுக் காருக்கு மூன்று வருஷம், இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷம் என்று ஆனது. இந்த டாக்டரின் வழக்கு இன்னொரு இடத்திலும் எங்கள் கதைக்குள் வரும்.

மூன்று வருஷம் முடிந்ததால், வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று அண்ணன் சொன்னார். ஏஜென்ட் வண்டி எண்ணை பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தார். நிலுவையில் ஒரு சலான். ஓவர்ஸ்பீடு. அவிநாசியில் இருந்து கோவை போகிற தேசிய நெடுஞ்சாலையில் கேமரா எடுத்த படம். எங்கள் யார் போனுக்கும் எஸ்.எம்.எஸ். வந்ததே இல்லை. ஆர்.சி.யில் இருந்த மொபைல் எண் யாருடையது என்று பார்த்தால், ஷோரூமில் ரிஜிஸ்ட்ரேஷன் வேலை பார்த்துக் கொடுத்தவருடையது. பலருடைய ஆர்.சி.யிலும் இப்படி யாரோ ஒருவருடைய எண்தான் இருக்கிறது. நேரம் இருந்தால் உங்களுடையதையும் பாருங்கள். பார்க்கும்போது இன்னொன்று: சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலைத் தொட்டுவிடாதீர்கள், அது பணத்தைத் திருடுகிறவர்கள் அனுப்புவது. அரசு தளத்தில் வண்டி எண்ணையும், சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போட்டால் சலான் இருந்தால் காட்டிவிடும்.

"அதை விட்டுப்போடுங்க. பாலிசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார் ஏஜென்ட்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நம் நாட்டில் காரின் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு ஓட்டுகிறவரின் பழக்கம் ஒரு பொருட்டே இல்லை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சிசிக்கு உட்பட்ட காருக்குத் தேர்டு பார்ட்டி 2,094 ரூபாய். 1500 சிசி வரை 3,416. அதற்கு மேல் 7,897. முப்பது வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டும் வாத்தியாருக்கும், பைபாஸில் பறக்கிற பையனுக்கும் ஒரே தொகை. பிரிட்டனில் அப்படி இல்லை. வேகமாகப் போய் மாட்டினால் லைசென்ஸில் புள்ளி ஏறும், இன்சூரன்ஸ்காரர் அதைக் கேட்பார், பிரீமியம் கூடும். இங்கேயும் அப்படிக் கொண்டுவரலாமா என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட குழு 2021 ஜனவரியில் ஒரு வரைவு அறிக்கை கொடுத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப தனி பிரீமியம் வாங்கலாம் என்றது. முதலில் டெல்லியில் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னது. அந்தக் கணக்கிலும் புள்ளி ஏறுவது வண்டிக்குத்தான், ஓட்டியவருக்கு இல்லை.

மீதிப் பாதி, கம்பெனி மாறும்போது கொடுக்கிற புரபோசல் படிவத்தில் இருக்கிறது. ஆன்லைனில் அதே கம்பெனியில் புதுப்பித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்களுக்கு வந்தது பழைய பாணிப் படிவம். அதில் டிரைவரைப் பற்றி ஒரு பகுதி. பார்வைக் குறை உண்டா, காது கேட்குமா என்பதற்கு அடுத்து, 'விபத்து அல்லது இழப்பு ஏற்படுத்தியதில் டிரைவர் எப்போதாவது சம்பந்தப்பட்டிருக்கிறாரா, தண்டிக்கப்பட்டிருக்கிறாரா' என்ற கேள்வி. ஆம் என்றால் நிலுவையில் உள்ள வழக்குகளையும் சேர்த்து எழுதச் சொல்லி அடியில் கட்டம் போட்டிருந்தது.

கேள்வியை நிதானமாகப் படித்தால், அது கேட்பது விபத்தைப் பற்றி. எங்கள் சலானில் விபத்து இல்லை. ஆனால் 'நிலுவையில் உள்ள வழக்கு' என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் டிரைவர் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, காசை வேணும்னா சம்பளத்துல புடிச்சுக்கங்க. எம் பேரை மட்டும் எங்கயும் எழுதிப்போடாதீங்க."

அவன் பயத்துக்குக் காரணம் உண்டு. டாக்டர் ராஜசேகரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது: அதிவேகம், சிக்னலை மீறுவது, போதையில் ஓட்டுவது போன்றவற்றுக்கு லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வையுங்கள் என்று. நமக்கு 1,000 ரூபாய் சலான். அவனுக்கு லைசென்ஸ் போனால் மூன்று மாத அடுப்பு. வண்டியை அன்று ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை வண்டி உரிமையாளருக்கு உண்டு. அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

அண்ணனுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "கட்டிப்போடு அம்மணி. அவன் சம்பளத்துல கழிச்சுக்கோ. மெதுவா ஓட்ட வேண்டாம்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார்.

சலானில் இருந்த தேதியை என் டைரியில் பார்த்தேன். பையரின் கியூசி கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த நாள் அது. அட்டைப்பெட்டி ஸ்டிக்கரில் சைஸ் மாறிவிட்டதென்று பாதிப் பெட்டியைப் பிரித்து மறுபடி பேக்கிங் செய்தோம். கியூசி கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறும்போது மணி நாலரை தாண்டியிருந்தது. "அஞ்சேகாலுக்கு ஏர்போர்ட்ல இருக்கோணும், என்ன பண்ணுவயோ தெரியாது" என்று வாசலில் நின்று அண்ணன் சொன்னது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. இங்கிருந்து கோவை ஏர்போர்ட் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் அவிநாசி ரோட்டில் ஊரைத் தாண்டி வெளியே வருவதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது என்ன ரோடு என்பதும் எங்களுக்குத் தெரியும். 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில், அவிநாசிக்குப் பக்கத்தில் மீடியனைத் தாண்டி வந்த கண்டெய்னர் லாரி கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தார்களே, அதே நெடுஞ்சாலை. 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேருக்கு மேல் அதிவேகத்தால் போனவர்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது.

அன்று மாலை மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து 183-ஆம் பிரிவைப் படித்தேன். அபராதத் தொகை எவ்வளவு என்று பார்க்கத்தான் எடுத்தேன். காருக்கு 1,000 முதல் 2,000 வரை என்று இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு ஆரம்பிப்பதே வேறு மாதிரி. வேகமாக ஓட்டுகிறவரோடு, தன்னிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்ட வைக்கிறவரையும் சேர்த்துத்தான் குற்றவாளி என்கிறது. அதற்கும் கீழே நாலாவது உட்பிரிவு. இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போக முடியாது என்று கோர்ட்டுக்குத் தோன்றினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நிலைச் சாட்சி. பஸ் முதலாளிகள் போடுகிற டைம் டேபிளை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். எனக்கு அதில் எங்கள் கம்பெனி வாசல்தான் தெரிந்தது.

பிரிண்ட் எடுத்து அண்ணன் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நானுந்தான்னு சொல்றயா?"

"நான் சொல்லலீங்ணா. அதுல போட்டிருக்குங்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சம்பளப் பிடித்தம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "கட்டு" என்று மட்டும் சொன்னார்.

கட்டாமல் விட்டால் சலான் கோர்ட்டுக்குப் போகும். இப்படிச் சின்ன வழக்குகளுக்கென்றே ஆன்லைனில் மெய்நிகர் நீதிமன்றம் இருக்கிறது. நம் வண்டியே இல்லை, எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றால் அதை மறுத்து வழக்காடலாம். எங்கள் படத்தில் வண்டியும் எண்ணும் பளிச்சென்று இருந்தன. கட்டினேன். ரசீது வந்தது.

பிறகு படிவம். விபத்துக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன், அதுதான் உண்மை. தனித் தாளில் சலான் தேதி, என்ன குற்றம், கட்டிய ரசீது எண் என்று நாலு வரி எழுதிச் சேர்த்தேன். கேட்காததை எதற்கு எழுத வேண்டும் என்று ஏஜென்ட் முணுமுணுத்தார். முக்கியமான விவரத்தை மறைத்து வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதாட இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதை விபத்து நடந்த பிறகு அவர்கள் வக்கீல் சொல்வதைவிட, இப்போதே அவர்கள் கையில் கொடுத்துவிடுவது எனக்கு நிம்மதி. அடிபட்டவருக்கு 'முதலில் நீ கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்' என்று கோர்ட்டுகள் பல வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியிருக்கின்றன. அந்த வசூல் வந்து நிற்கிற இடம் நம் வீட்டு வாசல்தான்.

உண்மையில் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் நோ கிளெய்ம் போனஸ். போன வருஷம் கிளெய்ம் வாங்கிவிட்டு, வாங்கவில்லை என்று எழுதித் தள்ளுபடி எடுப்பவர்கள் உண்டு. அது தெரியவந்தால் சொந்த வண்டி சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது என்று அந்த உறுதிமொழியிலேயே இருக்கிறது, கையெழுத்துப் போடுவதும் நாம்தான். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிளை அலுவலகத்தில் இருந்தவர் என் தனித் தாளைப் பார்த்து, "இதெல்லாம் யாரும் குடுக்கறதே இல்லீங்களே" என்றார். படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்தார். பிரீமியத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை.

எனக்கு மிச்சம் இருந்தது கணக்கு. குற்றத்துக்காகக் கட்டுகிற பணத்தைத் தொழில் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. வண்டி பராமரிப்பில் எழுதினால் ஆடிட்டர் அடித்துவிடுவார். டிரைவர் பேரிலும் இல்லை என்று ஆகிவிட்டது. அதனால் முதலாளியின் சொந்த எடுப்புக் கணக்கில், அவர் மகள் ஸ்கூல் பீஸுக்கு அடுத்த வரியில், 1,000 ரூபாய் என்று எழுதினேன். மாதக் கடைசியில் லெட்ஜரைப் பார்த்தவர் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

ஆர்.சி.யில் இப்போது அண்ணனின் மொபைல் எண்தான் இருக்கிறது.

அடுத்த இன்ஸ்பெக்ஷனிலும் பேக்கிங் தாமதம்தான். மாலை ஃப்ளைட்டைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் கியூசிக்கு மறுநாள் காலைக்கு டிக்கெட் மாற்றி, ராத்திரி திருப்பூரிலேயே ரூம் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ரூம் வாடகை, சாப்பாடு, டிக்கெட் மாற்றிய கட்டணம் எல்லாம் சேர்த்து அந்த அபராதத்தைப் போல நாலு மடங்கு ஆயிற்று. அதைக் கம்பெனிச் செலவில் எழுதினேன். ஆடிட்டர் கேள்வி கேட்கவில்லை.